ஆட்டம் தெரியாத மைதானம்

வெர்னா டோலனின் புது இருக்கையிலிருந்து பார்த்தால் ஒரு புகைக்கறிக் கடை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பீர்க் கடை, தொப்பிக் கடை, பிள்ளைகள் குதிப்பதற்கு ஒரு ஊதல் கோட்டை, அணி உரிமையாளர் பென்னிங்டன் கிராஸின் காலஞ்சென்ற தந்தைக்கு வைத்த வெண்கலச் சிலையின் முதுகுப்புறம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கழுத்தை இடது பக்கம் முறுக்கினால் தூரத்தில் கைக்குட்டை அளவுக்குக் கொஞ்சம் புல்லும் தெரிந்தது. அந்தப் புல்லில் எப்போதாவது ஒரு ஆள் வந்து நின்று மூக்கைச் சொறிந்துவிட்டுப் போனான். அவன் தங்கள் நாரைகள் அணிக்காரன் என்பதைத் தொப்பியின் நிறத்தை வைத்து வெர்னா கண்டுபிடித்தாள்.

இருக்கையைக் குறை சொல்ல முடியாது. மெத்தை போட்டிருந்தது. சாய்ந்தால் சாய்ந்தது, நிமிர்ந்தால் நிமிர்ந்தது. போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஓட்டை, கோப்பை வைக்க ஓட்டை, கறித்துண்டின் எலும்பைப் போடுவதற்குக்கூடத் தனியாக ஓர் ஓட்டை இருந்தது. பேஸ்பாலைப் பார்ப்பதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை.

பழைய மைதானத்தில் முப்பத்தொரு வருஷம் அவள் உட்கார்ந்தது ஒன்பதாம் பிரிவு, பன்னிரண்டாம் வரிசை, நாலாம் எண். மரப்பலகைதான். மழை வந்தால் நனையும், வெயில் வந்தால் பொசுங்கும், கழிப்பறை வரிசையில் நின்றால் ஒரு இன்னிங்ஸ் கைவிட்டுப் போகும். ஆனால் பந்து வீசும் பிட்சரின் விரலைவிட்டுக் கிளம்பிய பந்து, மட்டையோடு நிற்கும் பேட்டரிடம் வந்து சேரும்வரை கண்ணால் பின்தொடரலாம். அந்த மைதானத்தைத்தான் கிராஸ் இடிக்கச் சொன்னார். புதிது கட்டித் தராவிட்டால் அணியைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்து ஊர் ஒன்றுக்குப் போய்விடுவேன் என்றார். ஊர் பயந்துபோய் ஓட்டுப் போட்டு, வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கும் சாக்ஸுக்கும் கூடுதல் வரி கட்டி, மைதானத்தைக் கட்டிக் கொடுத்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கிராஸ் தாராளமாகச் செலவு செய்தார். பழைய சந்தாதாரர்களுக்கு 'சமமான இருக்கை' தருவோம் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். சொன்ன சொல் தவறவில்லை. புது மைதானத்திலும் அவளுக்கு ஒன்பதாம் பிரிவு, பன்னிரண்டாம் வரிசை, நாலாம் எண்.

"எண்ணு சமமா இருக்கு, பாத்தியா?" என்றார் ஆர்லோ. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குப் பக்கத்து இருக்கை. "இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"யோவ், ஆட்டம் எங்கய்யா நடக்குது?"

"அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் நடக்குதுன்னு பேசிக்கிறாங்க."

எதிரே ஒரு பெரிய திரை இருந்தது. அதில் ஆட்டம் வந்தது, பன்னிரண்டு விநாடி தாமதமாக. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள் முதலில் கத்துவார்கள், பிறகுதான் திரையில் பிட்சர் கையைத் தூக்குவார். விருந்தாளி சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு இலை போடுவது போல இருந்தது.

வெர்னாவின் மடியில் ஸ்கோர் அட்டை இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் பிழைப்பு. ஆட்டத்தைப் பென்சிலால் எழுதுவது அவள் பக்தி. அட்டையில் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம். அவன் அடித்தானா, ஓடினானா, யார் பிடித்தார்கள், யாருக்கு எறிந்தார்கள் என்று அத்தனையும் அதற்குள் போகவேண்டும். பந்தைத் தவறவிட்டால் ஒரு ஸ்டிரைக்; மூன்றாவது ஸ்டிரைக்கில் அவுட்டாகிப் போனவனுக்கு ஓர் எழுத்து உண்டு. மட்டையைச் சுற்றி ஏமாந்தவனுக்கு அதை நேராக எழுதவேண்டும், மரம் மாதிரி நின்று ஏமாந்தவனுக்குத் திருப்பி எழுதவேண்டும். முப்பத்தொரு வருஷ அட்டைகள் அவள் வீட்டில் இருந்தன. அவற்றில் ஒரு கட்டம்கூடக் காலி கிடையாது. காய்ச்சலிலும் எழுதினாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றைக்குக் கோர்ட்டிலிருந்து நேராக வந்து எழுதினாள்.

நாலாவது இன்னிங்ஸில் எதிரணிக்காரன் இரண்டு ஸ்டிரைக்கில் நின்றான். பிட்சர் கையைத் தூக்கினார். திரையில் மெத்தை விளம்பரம் வந்தது. கிராஸ் குடும்பத்துத் தொழில் மெத்தை. விளம்பரம் முடிந்தபோது அவன் வெளியே போய்க்கொண்டிருந்தான்.

"சுத்துனானா, நின்னானா?" என்றாள் வெர்னா.

யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவன், "கறி நல்லா இருக்கு" என்றான்.

வெர்னா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

மறுநாள் ரசிகர் ஆனந்தத் துறைக்குப் போனாள். அப்படி ஒரு துறை இருந்தது. அதன் துணைத்தலைவர் ட்ரென்ட் ஹாலிஸ்டர், முப்பது வயதுக்குள் இருப்பான். அவன் மேசைமேல் அட்டையில் செய்த மைதானத்தின் மாதிரிவடிவம் இருந்தது. அதில் விரல்நுனி அளவு பொம்மை ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருந்தார்கள். ஒரு பொம்மைகூட ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் கடைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

"மேடம், உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றான் ட்ரென்ட். "நீங்க ஆட்டத்தைக் கண்ணால பாக்க நினைக்கிறீங்க. அது பழைய காலத்துப் பழக்கம். தப்பு சொல்லல. நாங்க ஆராய்ச்சி பண்ணிருக்கோம். மூணு மணி நேர ஆட்டத்துல பந்து நகர்றது மொத்தம் பதினெட்டு நிமிஷம். அந்தப் பதினெட்டு நிமிஷத்துக்காக மூணு மணி நேரமும் உங்க முகத்தை ஒரே பக்கம் திருப்பி வைக்க எங்களுக்கு மனசு வரல."

"தம்பி, நான் அந்தப் பதினெட்டு நிமிஷத்துக்குத்தான் டிக்கெட் வாங்கினேன்."

"வாங்கலாமே! 'ஆட்டம் தெரியும் இருக்கை'ன்னு தனி வகையே இருக்கு. கண்ணாடி அறைங்க. கம்பெனிகளுக்கு மட்டும் கொடுக்கிறோம்."

"அந்தக் கம்பெனிக்காரங்க ஆட்டம் பாக்குறாங்களா?"

"இல்ல மேடம். அவங்க வியாபாரம் பேசுவாங்க. ஆனா வேணும்னா பாக்கலாம்ங்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு. அதுதான் ஆடம்பரம்."

அவன் பொய் சொல்லவில்லை, மனப்பூர்வமாகத்தான் பேசினான் என்பது வெர்னாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கிளம்பும்போது கையில் ஒரு கூப்பன் கொடுத்தான். எலும்பு இல்லாத கறித்துண்டு ஒன்று இலவசம் என்று அதில் இருந்தது.

மே மாதம் 'உரிமையாளரோடு மனம் திறந்து' என்று ஒரு கூட்டம் போட்டார்கள். கேள்விகளை இரண்டு வாரம் முன்னால் எழுதிக் கொடுக்கவேண்டும். குலுக்கலில் எடுத்த கேள்வியை அணியின் சின்னமான நாரை மேடையில் வாசிக்கும். நாரை என்றால் நாரை வேஷம் போட்ட ஆள். அணியின் சட்டப்படி நாரை வாய் திறந்து பேசக் கூடாது. அதனால் கேள்விகளை அது அபிநயம் பிடித்துக் காட்டியது. வெர்னாவின் கேள்வி குலுக்கலில் வந்தது. நாரை இரண்டு றெக்கையாலும் கண்ணைப் பொத்தி, முழங்காலில் விழுந்து, தலையைச் சுவரில் முட்டிக் காட்டியது. கேள்வியைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறது என்று வெர்னா நினைத்தாள். கிராஸ் அதை மெத்தை பற்றிய பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

பிறகு அவர் பேசினார். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். அன்றைக்கு நெய் ஆறாக ஓடியது.

"எங்கப்பா ஒரு ஆட்டம் விடாம பாப்பாரு. அதான் அவர் செஞ்ச தப்பு," என்றார் கிராஸ். "பாத்தா ஆசை வரும். ஆசை வந்தா நல்ல ஆளுங்களா வாங்கத் தோணும். நான் பாக்குறதில்ல. அதனாலதான் என்னால நிதானமா முடிவெடுக்க முடியுது. போன வருஷம் நூத்திரண்டு ஆட்டத்துல தோத்தோம், உங்களுக்கெல்லாம் வருத்தம். கணக்குப் பாத்தா வேற விஷயம் தெரியுது. நாம ஜெயிக்கிற அன்னிக்கு ஜனங்க கடைசிவரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கிறதில்ல. தோக்குற அன்னிக்கு நாலாவது இன்னிங்ஸ்லயே எழுந்து சாப்பிட வந்துடறாங்க. தோல்வி மனுஷனுக்குப் பசியைக் கொடுக்குது. என் அணியைப் பத்தி நான் பெருமைப்படறேன். அவங்க எவ்வளவு பேருக்குச் சோறு போடறாங்க!"

கைதட்டல் ஒலிபெருக்கியில் வந்தது.

வெர்னா எழுந்து நின்றாள். ஐம்பது பிள்ளைகள் கத்தும் பேருந்தைக் கண்ணாடியில் பார்த்தே அடக்குகிறவள் அவள். குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஐயா, நான் இனிமே இந்த வருஷம் பூராவும் ஒரு கட்டம் விடாம எழுதத்தான் போறேன். உங்க மைதானத்துலேர்ந்து எழுத முடியலன்னா வேற எங்கேயாவது நின்னு எழுதுவேன். பாத்துக்குங்க!"

கிராஸ் பக்கத்தில் குனிந்து, "அந்தம்மா என்ன கட்டடம் கட்டப் போறாங்களாம்?" என்று ட்ரென்டைக் கேட்டார்.

வேறு இடத்தைக் கண்டுபிடித்தது ஆர்லோ. மைதானத்தின் இடது மூலையில், சரக்கு வண்டிகள் வரும் தெருவில், ஒரு கம்பிவலைக் கதவு இருந்தது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் உள்ளே போவதற்கான வழி. எதிர்ப்பக்கம் நகராட்சியின் நடைபாதை. அங்கே நின்று வலை வழியாகப் பார்த்தால் மூன்றாம் தளக் கோடு வகிடு எடுத்தாற்போல் நேராக பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டில் போய் முடிந்தது. பிட்சர் தெரிந்தார், பேட்டர் தெரிந்தார், அம்பயரின் வழுக்கைகூடத் தெரிந்தது. கண்ணாடி அறைகளை விட்டால், அறுபது கோடி டாலர் மைதானத்தில் ஆட்டம் முழுசாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான், அதுவும் மைதானத்துக்கு வெளியே.

"எப்படிய்யா இதை மறைக்காம விட்டாங்க?"

"மறைக்கக் கூடாதும்மா. தீயணைப்புச் சட்டம். வழிக்கு முன்னால துணி கட்டக் கூடாது, பலகை வைக்கக் கூடாது, எதுவும் கூடாது. இருபத்தாறு வருஷம் நான் வேலை பாத்ததுல இன்னிக்குத்தான் அந்தப் புஸ்தகம் எனக்குப் பிரயோஜனமாச்சு."

முதல் நாள் இரண்டு மடக்கு நாற்காலி. அடுத்த வாரம் இருபது. ஜூலையில் முந்நூறு. அவரவர் வீட்டிலிருந்து சாண்ட்விச் கொண்டுவந்தார்கள். வேர்க்கடலைத் தோல் நடைபாதையில் பழைய மைதானம் போலவே குவிந்தது. உள்ளே ஒன்பதாம் பிரிவில் எலும்பு ஓட்டைகள் காலியாகக் கிடந்தன.

ரசிகர் ஆனந்தத் துறை சும்மா இருக்கவில்லை. முதலில் காவலாளிகள் வந்து, ஆட்டத்தைப் பார்ப்பது அணியின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்துவதாகும் என்று நோட்டீஸ் வாசித்தார்கள். வாசித்த காவலாளி முடித்ததும், "இப்ப ஸ்கோர் என்ன?" என்று கேட்டு அங்கேயே நின்றுவிட்டான். அடுத்து, நடைபாதைக்கு 'பாரம்பரியப் பார்வை மாடம்' என்று பெயர் வைத்து டிக்கெட் அடித்தார்கள். நடைபாதை நகராட்சியுடையது என்று நகராட்சியே நினைவூட்டவேண்டி வந்தது. கடைசியில் கதவுக்கு உட்புறம் முப்பதடி உயரத்தில் ஊதிய நாரை பலூனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆர்லோ ஒரு போன் செய்தார். அவரிடம் தொழில் கற்ற பெண் இப்போது தீயணைப்பு ஆய்வாளர். அவள் வந்து, தீ வழியை அடைத்திருப்பதால் பலூன் போகும்வரை ஆட்டம் நடக்கக் கூடாது என்றாள். முந்நூறு பேர் பார்க்க, நாரையின் காற்றைப் பிடுங்கினார்கள். அது ரொம்ப நேரம் முனகிக்கொண்டே சுருங்கியது.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்வின் பெரால்டா பந்து வீசினான். டொமினிகன் பையன், இருபத்துமூன்று வயது. அந்த வருஷம் எதற்குமே உருப்படாத அணியில் உருப்படியான ஒரே ஆள். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது எதிரணியில் ஒருவன்கூட ஹிட் அடிக்கவில்லை, அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் தளத்தைப் பத்திரமாகச் சேரவில்லை. நடைபாதை அமைதியானது.

இந்த ஊரில் பிறந்தவன் எவனுக்கும் இந்த விதி தெரியும். ஒன்பது இன்னிங்ஸும் ஒரு ஹிட் கொடுக்காமல் வீசி முடிப்பது ஒரு பிட்சருக்கு வாழ்நாளில் ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். அது நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சக ஆட்டக்காரர்கள்கூட அவன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். சொன்னால் உடைந்துவிடும். நாரைகள் அணிக்கு அது கிடைத்து நாற்பத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நடைபாதையில் ஒரு புது ஆள், "ஏங்க, இன்னிக்கு ஒரு ஹி..." என்று ஆரம்பித்தான். ஆர்லோ தன் சாண்ட்விச்சை அப்படியே அவன் வாயில் திணித்தார்.

ஆறாவது இன்னிங்ஸில் மைதானத்தின் நூற்றிருபது ஒலிபெருக்கிகளும் ஒன்றாக அலறின.

"ரசிகர்களே! எல்வின் பெரால்டா ஹிட் இல்லா ஆட்டம் வீசிக்கொண்டிருக்கிறார்! 'நான் இருந்தேன், நான் பார்த்தேன்' நினைவுச் சட்டை இப்போது உங்கள் போனில்! பாதி விலையில் கறித்துண்டு!"

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் தலையில் கைவைத்தார்கள். பந்து வீசும் மேட்டில் நின்ற எல்வின் திரும்பி ஒலிபெருக்கியைப் பார்த்தான். அந்தப் பார்வையை வெர்னா பைனாகுலரில் பார்த்தாள். "பாவிங்களா, புள்ளையை விடுங்கடா," என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே முப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் போனை அமுக்கினார்கள். பதினாலு கறி அடுப்புகளும் ஒன்றாக எரிந்தன. சுமை தாங்காமல் எட்டாவது இன்னிங்ஸில் மைதானத்தின் மின்சாரம் மொத்தமாகப் போனது. திரைகள் கறுத்தன, கேமராக்கள் செத்தன. பட்டப்பகல் என்பதால் ஆட்டம் நிற்கவில்லை. உள்ளே அது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். நாரைகள் ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னணி. எதிரணியில் ஒருவன் அவுட். அடுத்தவன் அடித்த பந்து மூன்றாம் தளக் கோட்டோரமாக மெதுவாக உருண்டது. நாரைகளின் மூன்றாம் தளக்காரன் மாட்டியோ ரூயிஸ் பாய்ந்து வந்து, வெறுங்கையால் வாரி, ஓடுகிற வேகத்திலேயே முதல் தளத்துக்கு எறிந்தான். அடித்துவிட்டு ஓடியவன் பந்துக்கு ஓர் அடி முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். அதைவிட நன்றாக யாராலும் செய்திருக்க முடியாது. அது ஹிட்.

நடைபாதையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. வெர்னா கட்டத்தில் எழுதினாள்.

இரண்டு நிமிஷத்தில் ட்ரென்ட் சரக்குத் தெரு வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தான். பின்னால் லூபின் வந்தார். லீக் நியமித்த ஸ்கோரர் அவர். எது ஹிட், எது தடுப்பவனின் பிழை என்று தீர்மானிப்பது அவர் வேலை; பிழை என்று அவர் எழுதினால் அது ஹிட் கணக்கில் வராது. அவருடைய பழைய அறையைக் கண்ணாடி அறையாக்கி விற்றுவிட்டு, அவரை நிலவறையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அந்தத் திரை இருட்டாகி அரை மணி நேரம் ஆயிற்று.

"அம்மா, என்ன நடந்துச்சு?" என்றார் லூபின். "ஆட்டக்காரங்களை நான் கேக்கக் கூடாது. அம்பயர், அது என் வேலை இல்லன்னுட்டார். கண்ணாடி அறைக்காரங்க வியாபாரம் பேசிட்டிருந்தாங்களாம். உள்ள முப்பதாயிரம் பேர்ல ஒருத்தருக்கும் தெரியல. வெக்கமா இருக்கு."

வெர்னா வாய் திறப்பதற்குள் இன்னொருவரும் வந்து சேர்ந்தார். பென்னிங்டன் கிராஸ். வெள்ளைச் சூட்டு. கதவுக்கு முன்னால் நேராக வந்து நின்றார்.

"நீங்கதானே அந்தக் கட்டடம் கட்றவங்க?" என்றார். "நல்லது. பிழைன்னு சொல்லுங்க போதும். நாப்பதாயிரம் சட்டை அடிச்சாச்சு. உங்களுக்கு ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால, கண்ணாடி அறைல, முதல் வரிசைல, ஆயுசுக்கும் ஒரு சீட்டு. ஆட்டம் தெரியும். என் பாட்டனார் சத்தியமா தெரியும். எல்லாரையும் எழுப்பிட்டு உங்களுக்குத் தரேன்."

நடைபாதை முழுவதும் அவளைப் பார்த்தது. அந்த இடத்தை வெர்னாவுக்குத் தெரியும். பந்தின் தையல்கூடத் தெரியும் இடம். சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. எல்வினுக்கும் பெயர் நிலைக்கும், ஊருக்கும் நாற்பத்து நாலு வருஷப் பசி தீரும். அவளுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"பிழைன்னா அது யாரு பேர்ல போகும்?" என்றாள்.

"யாரு பேர்லயோ போகட்டும்."

"மாட்டியோ பேர்ல போகும். வெறுங்கையால எடுத்தான் அந்தப் பையன். இந்த வருஷத்துலயே உங்க அணி ஆடின ஒரே ஆட்டம் அது, அதை நீங்க தப்புன்னு எழுதச் சொல்றீங்க." அவள் லூபின் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஹிட். சுத்தமான ஹிட். முந்நூறு பேர் பாத்தோம்."

"ஹிட்டு!" என்றது நடைபாதை. சாண்ட்விச் வாயோடு அந்தப் புது ஆளும் சொன்னான்.

லூபின் தலையாட்டிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து எழுதினார். ட்ரென்ட் நாற்பதாயிரம் சட்டைகளை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கிராஸ் மட்டும் நகரவில்லை. வலை வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா! இங்கேர்ந்து எவ்வளவு நல்லாத் தெரியுது," என்றார். "இதை எப்படி விக்காம விட்டோம்?"

அதற்குள் எல்வின் மேட்டில் காலை ஊன்றிவிட்டான். அடுத்த பேட்டர் வந்து நின்றாகிவிட்டது. வெர்னா பென்சிலைத் தூக்கினாள். எதிரே வெள்ளைச் சூட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"யோவ்!" என்றாள். பேருந்தில் கடைசி வரிசைப் பிள்ளைகளை உட்கார வைக்கும் குரல் அது. "முன்னால நிக்கிறவரே, மறைக்குது! உக்காருய்யா!"

"உக்காரு! உக்காரு!" என்று முந்நூறு பேரும் கத்தினார்கள். காவலாளியும் கத்தினான். கிராஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே அவருக்கு நாற்காலி இல்லை. வெயிலில் காய்ந்த தார் ரோட்டில், வேர்க்கடலைத் தோலின்மேல், வெள்ளைச் சூட்டோடு உட்கார்ந்தார். தான் வாங்கிய அணி ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு ஆர்லோவின் முழங்காலைத் தட்டி, "இதுல நம்ம ஆளுங்க யாரு?" என்று கேட்டார்.

பந்து வந்துகொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் இருந்தது.